அத்தியாயம் 6: அழவிடாமல் டியூப் போடுவது

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த அத்தியாயம் எல்லாருக்கும் ஆனது அல்ல. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தை, முதுகுக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட குழந்தை, சிறுநீர்ப்பாதையில் வால்வு அடைப்போடு பிறந்த குழந்தை இருக்கிற வீடுகளில், ‘தினமும் இத்தனை தடவை சி.ஐ.சி. பண்ணுங்கள்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த வீடுகளுக்கு மட்டும்தான் இது. அங்கேயும், நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க உங்கள் கையாலேயே சில தடவை போட்டுக் காட்டிவிட்டு வந்தவர்களுக்கு மட்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லையே என்று பதறி, மெடிக்கல் ஷாப்பில் டியூப் வாங்கிவந்து இதைப் பார்த்துப் பார்த்து யாரும் போட்டுவிடக் கூடாது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சி.ஐ.சி. என்றால் இவ்வளவுதான்: கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூப்பை விட்டு, மூத்திரப்பையை முழுக்கக் காலிசெய்து, டியூப்பை உடனே வெளியே எடுத்துவிடுவது. நரம்புக் கோளாறால் தானாகக் காலியாகாத பைக்குள் மூத்திரம் தேங்கினால் கிருமி சேரும். அழுத்தம் ஏறினால் மூத்திரம் மேல்நோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு பாடும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம், பிறகு வேலைக்குப் போய்விடலாம். முன்பெல்லாம் இதை ஆபரேஷன் தியேட்டர் போல எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்துதான் செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடெஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், வெறும் சுத்தம் போதும், நேரம் தவறாமல் காலிசெய்வதுதான் முக்கியம் என்று எழுதினார். இன்று உலகம் முழுக்க வீடுகளில் நடப்பது அவர் சொன்ன முறைதான். அதனால், ‘ஸ்டெரைல் கையுறை தீர்ந்துபோச்சு, அதான் மத்தியானம் போடலை’ என்று என்னிடம் சொல்லும் அம்மாக்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும். தவறவிட்ட வேளைதான் ஆபத்து.

வலி எங்கிருந்து வருகிறது?

வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைப் பார்த்தேன். பாட்டி இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்ள, அப்பா கைகளை அமுக்க, அம்மா டியூப் போடுவாள். குழந்தையின் அலறல் லிஃப்ட் வரைக்கும் கேட்கும். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். அந்தக் குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. டியூப் போவது அவளுக்குத் தெரியவே தெரியாது. பின்னே எதற்கு அழுதாள்? மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததற்குத்தான்.

எல்லாக் குழந்தைகளும் அப்படி இல்லை. வால்வு அடைப்பு இருந்த பையன்களுக்கு உணர்வு முழுசாக இருக்கும். முதுகுத்தண்டுக் குறை உள்ள சிலருக்கு அரைகுறையாக இருக்கும். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு உணர்வு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற பாதி யோசனைகள் பயத்துக்கு, பாதி வலிக்கு. உங்கள் வீட்டுக்கு எது தேவை என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

வாங்கி வைக்க வேண்டியவை

டியூப். குழந்தைகளுக்குப் பலூன் இல்லாத, நேரான மெல்லிய டியூப். தமிழ்நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டும் ‘ஃபீடிங் டியூப்’பையே இதற்குக் கொடுப்பார்கள்; அதில் தப்பில்லை. ‘நம்பர்’ என்பது அதன் பருமன். மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும்: 6-ஆம் நம்பர் 2 மி.மீ. தடிமன். கைக்குழந்தைக்குப் பொதுவாக 5 அல்லது 6, தவழ்ந்து நடக்கிற வயதில் 6 அல்லது 8, பள்ளிக்குப் போகிற வயதில் 8 அல்லது 10. ஆனால் நம்பரை முடிவு செய்பவர் மருத்துவர்தான். கடைக்காரர், ‘6 இல்லைம்மா, 10 இருக்கு, ஒண்ணும் ஆகாது’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். மெல்லிசாக இருந்தால் வலிக்காதே என்று நீங்களாகக் குறைத்து வாங்குவதும் கூடாது. அது வளையும், மடங்கும், காலியாக அரை மணி நேரம் ஆகும்.

ஜெல்லி. தண்ணீரில் கரையும் ஜெல்லி மட்டும். தேங்காய் எண்ணெய், வாசலின், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை தண்ணீரில் கரையாமல் உள்ளே தங்கிவிடும். மரத்துப்போகிற லிக்னோகெய்ன் ஜெல்லி வேறு சரக்கு. உணர்வு உள்ள குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், எழுதிய அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். சின்னக் குழந்தைக்கு அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

இவற்றோடு அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப், மிருதுவான பருத்தித் துணி, வாசனை இல்லாத சோப்பு, மூடி போட்ட டப்பா, ஒரு நோட்டு. டெட்டால், சாவ்லான் இந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடத்துத் தோல் மெல்லியது. கிருமிநாசினி பட்டுப் பட்டு எரிச்சல் வந்துவிட்டால், டியூப் போடாத நேரத்திலும் குழந்தை அழும்.

குறிப்பு: முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைகளில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் ஒவ்வாது. அதனால் சிவப்பு ரப்பர் டியூப், சாதாரண ரப்பர் கையுறை இரண்டையும் தொட வேண்டாம். வாங்கும்போது ‘லேடெக்ஸ் இல்லாதது’ என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். பிறந்தநாள் பலூனும் அதே ரப்பர்தான். வாயைச் சுற்றித் தடிப்போ, மூச்சிரைப்போ வந்தால் அலட்சியம் வேண்டாம்.

எத்தனை தடவை, எவ்வளவு?

பெரும்பாலும் பகலில் 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை எழுந்ததும் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று கட்டாயம். செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், கல்யாண வீட்டில் எல்லாம் மறந்துபோகும்.

பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு. வயதை 30-ஆல் பெருக்கி, இன்னொரு 30-ஐக் கூட்டுங்கள். 4 வயதுக்கு 150 மி.லி. ஒவ்வொரு வேளையும் இந்த அளவைத் தாண்டி வருகிறது என்றால் இடைவெளி அதிகம் என்று பொருள். மருத்துவரிடம் சொல்லி நேரத்தைக் குறைக்க வேண்டும். ஈரமாவதைக் குறைக்கலாம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது பெரிய கொடுமை. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும். மலக்குடல் நிரம்பி அழுத்தினால் டியூப் உள்ளே போவதே சிரமமாகிவிடும்.

டியூப் போடுவதற்கு முன்

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டியூப் வேலை மூன்று, நான்கு நிமிடம். அது அமைதியாக நடப்பதும் போர்க்களமாக நடப்பதும் இங்கேதான் முடிவாகிறது.

1. இடத்தை மாற்றாதீர்கள். ஒரே அறை, ஒரே பாய், ஒரே தலையணை. குழந்தை தூங்கும் கட்டிலும் சாப்பிடும் இடமும் வேண்டாம். அவை பயமில்லாத இடங்களாகவே இருக்கட்டும்.

2. சாமான்களைக் குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். படுக்க வைத்துவிட்டு, ‘ஐயோ ஜெல்லி எங்கே?’ என்று தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் பயம் வளர்ந்துவிடும்.

3. ஆள் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். போடுபவர் ஒருவர், தேவைப்பட்டால் மடியில் வைத்துக்கொள்பவர் ஒருவர். எட்டிப் பார்க்கும் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா யாரும் வேண்டாம்.

4. சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு தடவை வலித்துவிட்டால் அதற்கப்புறம் உங்கள் வார்த்தைக்கு மரியாதை இல்லை. ‘ஜில்லுனு இருக்கும். அப்புறம் கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும். உச்சா வந்ததும் முடிஞ்சிடும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். ‘அழுதா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’ என்று மிரட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிஸ்டர்களைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். நாளைக்கு அதே குழந்தை எங்களிடம்தான் வரப்போகிறது.

5. சின்னதாக ஏதாவது ஒன்றை அதன் கையில் விடுங்கள். ‘போடலாமா?’ என்று கேட்காதீர்கள். ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வீர்கள்? ‘அம்மா மடியிலயா, தலையணையிலயா?’ என்று கேளுங்கள். ‘கப்பை நீ பிடிச்சுக்கறியா?’ என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பையன், கப்பில் எவ்வளவு வந்தது என்று எண்ணைப் படித்துச் சொல்வதற்காகவே ஓடிவருவான். கணக்கு அப்படித்தான் அவனுக்கு வந்தது.

வயதுக்கு வயது உத்தி மாறும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைவிட நல்ல மருந்து கிடையாது. பால் குடித்துக்கொண்டே இருக்கும்போது இன்னொருவர் டியூப் போடலாம். இரண்டு, மூன்று வயதில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பயமாக இருக்கும். அம்மாவின் மடியில் முதுகு அம்மாவின் நெஞ்சில் சாய்ந்திருக்க, பாதி உட்கார்ந்த வாக்கில், கால்கள் தவளை போல விரிந்து தளர்வாக இருக்கட்டும். அம்மாவின் கை அணைப்பாக இருந்தால் போதும், பூட்டாக வேண்டாம். நாலு வயதுக்கு மேல் பொம்மைக்கு முதலில் போடலாம். பொம்மை சமர்த்தாக இருந்தது என்று பாராட்டிவிட்டு, அடுத்தது உன் முறை என்று சொன்னால் சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரும், சில வராது. வராவிட்டால் அதற்காகப் பொம்மையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஊதுவது எல்லா வயதுக்கும் நல்லது. சோப்புக் குமிழி, காகித ஊதல், ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளங்கையில் வைத்த பஞ்சு. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது அடிவயிறும் மூத்திரப்பையின் வாய்த்தசையும் தளரும். டியூப் வழுக்கிக்கொண்டு போகும். செல்போன் காட்டலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்குக் காட்டுங்கள், தினமும் வேண்டாம். பிற்பாடு தானே போட்டுக்கொள்ளப் பழக வேண்டிய பிள்ளை, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

டியூப் போடும் முறை

1. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண் வரை 20 நொடியாவது தேய்த்துக் கழுவுங்கள். நகம் வளர்க்கிற பழக்கத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை.

2. டியூப் உறையைப் பிரித்து, நுனியைத் தொடாமல், முதல் சில சென்டிமீட்டருக்கு ஜெல்லியைத் தாராளமாகத் தடவுங்கள். பையனுக்கு இன்னும் நீளமாகத் தடவ வேண்டும். டியூப் விறைப்பாக இருந்தால் உறையோடு உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்தி வைத்திருங்கள்; உடம்புச் சூட்டில் இளகும். ஜெல்லி டியூப்பையும் அப்படியே. ஜில்லென்று பட்டதும்தான் பாதிக் குழந்தைகள் தூக்கிவாரிப் போட்டுக்கொள்கின்றன.

3. ‘இப்ப துடைக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு, தண்ணீரிலோ மெல்லிய சோப்பு நீரிலோ நனைத்த துணியால் துடையுங்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால். ஒரு தடவை இழுத்த துணிப் பக்கத்தால் திரும்பத் துடைக்கக் கூடாது.

4. பெண் குழந்தை: சிறுநீர்த்துளை மேலே, பெண்ணுறுப்பு வாய்க்குச் சற்று முன்னால், குண்டூசி முனை பதிந்த பள்ளம் போல இருக்கும். நர்ஸ் காட்டிக் கொடுத்த இடத்தை நினைவில் கொண்டு, நல்ல வெளிச்சத்தில் போடுங்கள். வழி மிகக் குட்டை. சில சென்டிமீட்டரிலேயே மூத்திரம் வந்துவிடும்.

5. ஆண் குழந்தை: முன்தோல் எவ்வளவு தானாகப் பின்னால் போகிறதோ அவ்வளவுதான் நகர்த்த வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அது ஒட்டித்தான் இருக்கும், இழுக்கக் கூடாது. உறுப்பைப் பக்கவாட்டில் லேசாகப் பிடித்து வயிற்றுப்பக்கம் உயர்த்தினால் உள்ளே இருக்கும் வளைவு நேராகும். வழி நீளம் என்பதால் மெதுவாக, நிற்காமல், ஒரே சீராகப் போக வேண்டும்.

6. மூத்திரம் வரத் தொடங்கியதும் இன்னும் 1 அல்லது 2 செ.மீ. மட்டும் உள்ளே விட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் தள்ளவே கூடாது. மெல்லிய ஃபீடிங் டியூப் பைக்குள் அளவுக்கு மேல் சுருண்டால் முடிச்சு விழும். விழுந்த முடிச்சை எடுக்க அறுவை தேவைப்பட்ட குழந்தைகள் உண்டு.

7. வருகிறவரை வரட்டும். டியூப்பை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றை அமுக்கி வேகப்படுத்தாதீர்கள். மேல்நோக்கிக் கசியும் கோளாறு உள்ள குழந்தைக்கு அது சிறுநீரகத்துக்கே போகும். பெரிய பிள்ளையாக இருந்தால் ஒரு தடவை இருமச் சொல்லலாம்.

8. நின்றதும் டியூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நடுவில் மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்தி, முடிந்தபின் இழுங்கள். பைக்கு அடியில் தங்கியிருப்பது இப்படித்தான் வரும். அவசரத்தில் இதை விட்டுவிடுவதுதான் திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று வருகிற வீடுகளில் நான் அதிகம் பார்த்த தவறு.

9. வெளியே எடுக்கும்போது மறுமுனையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டால் பாயில் சிந்தாது. பையனுக்கு முன்தோலைப் பின்னால் நகர்த்தியிருந்தால் மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். மறந்தால் வீங்கி இறுகிக்கொள்ளும். அது அவசர சிகிச்சை.

10. துடைத்து, உடுத்தி, கட்டிக்கொள்ளுங்கள். மிட்டாய் லஞ்சம் வேண்டாம். தினமும் ஐந்து மிட்டாய் என்றால் பல் டாக்டரையும் பார்க்க வேண்டிவரும். காலண்டரில் ஒட்ட ஒரு நட்சத்திரம் போதும்.

லிக்னோகெய்ன் ஜெல்லி எழுதிக் கொடுத்திருந்தால், துடைத்த பிறகு அதைப் போட்டுவிட்டு மருத்துவர் சொன்ன நேரம், குறைந்தது ஐந்து நிமிடம், காத்திருந்து பிறகு டியூப்பைப் போடுங்கள். போட்ட உடனே டியூப்பையும் விடுகிறவர்கள் ஜெல்லி வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

உள்ளே போக மறுத்தால்

பையன்களுக்குப் பைக்குச் சற்று முன்னால் ஒரு தசை வளையம் இருக்கிறது. டியூப் அங்கே வந்ததும் முட்டி நிற்கும். பயந்த குழந்தைக்கு இன்னும் இறுகும். இங்கேதான் கை பரபரக்கும், தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். டியூப்பை வெளியே எடுக்கவும் வேண்டாம். அங்கேயே லேசான அழுத்தத்தோடு வைத்துக்கொண்டு, குமிழி ஊதச் சொல்லி, முப்பது நொடி காத்திருங்கள். தசைக்குப் பலவந்தம் செய்தால் இறுகும், நேரம் கொடுத்தால் களைத்துத் தளரும். தளரும்போது டியூப் தானாக ஒரு நூல் நகர்வது விரலில் தெரியும். இருமச் சொன்னாலும் சில சமயம் திறக்கும்.

அப்படியும் போகவில்லையா? எடுத்துவிடுங்கள். குழந்தையைத் தூக்கி விளையாட்டுக் காட்டுங்கள். அடிவயிற்றில் வெதுவெதுப்பான துணி போடலாம். சூடு தெரியாத குழந்தை என்றால் முதலில் உங்கள் முழங்கைக்குள் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து, புது ஜெல்லி தடவி இரண்டாவது முயற்சி. மூன்றாவது முயற்சி வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அடிவயிறு கல்லாக உப்பியிருந்தால் இரண்டாவதுக்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

பெண் குழந்தைக்குச் சாதாரணமாக நடப்பது வேறு: டியூப் சுலபமாகப் போகும், ஆனால் மூத்திரம் வராது. தவறான வழியில் போயிருக்கிறது. பதற வேண்டாம், அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. அந்த டியூப்பை அங்கேயே விட்டுவைத்து, அடையாளமாகக் கொண்டு, அதற்கு மேலே புது டியூப்பைப் போடுங்கள். மூத்திரம் வந்தபின் இரண்டையும் எடுங்கள். தவறான வழியில் போன டியூப்பையே எடுத்துச் சரியான இடத்தில் போட்டால் கிருமி பைக்குள் போய்விடும்.

எடுக்கும்போது டியூப் சிக்கிக்கொண்டதுபோல இருந்தால் இழுக்காதீர்கள். பெரும்பாலும் அது தசை இறுக்கம்தான். சில நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பாருங்கள். வரவில்லை என்றால் டியூப்போடு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

டியூப்பைக் கழுவி வைப்பது

உறையில் ‘ஒருமுறை பயன்பாட்டுக்கு’ என்று அச்சடித்திருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிது என்பதுதான் உத்தமம். தினமும் ஐந்து டியூப், மாதம் நூற்றைம்பது என்று கணக்குப் போட்டால் எல்லா வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது என்பது மருத்துவருக்கும் தெரியும். கழுவிப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் இப்படிச் செய்யுங்கள்: எடுத்த உடனே, காயவிடாமல், ஓடும் தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். சோப்பு நீரைச் சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, பிறகு நல்ல தண்ணீரைச் செலுத்தி நுரை போகும்வரை கழுவுங்கள். உதறி, சுத்தமான துணிமேல் நிழலில் உலரவிட்டு, ஈரம் போனபின் டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு மூடிய டப்பா கிருமிப் பண்ணை. கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மருத்துவர் சொன்ன நாளில் மாற்றிவிடுங்கள். அதற்கு முன்பே மங்கினாலோ, விறைத்தாலோ, துளை ஓரம் சொரசொரப்பானாலோ தூக்கிப் போடுங்கள். சொரசொரத்த டியூப் உள்ளே கீறும். ஒரு குழந்தையின் டியூப்பை இன்னொரு குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

நோட்டில் நேரம், அளவு, நிறம், நடுவில் ஈரமானதா என்ற நான்கு கட்டம் போதும்.

எப்போது ஆஸ்பத்திரி?

கலங்கலாக வந்தது, நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். டியூப் போடுகிற குழந்தையின் மூத்திரத்தில் கிருமி பெரும்பாலும் இருந்துகொண்டேதான் இருக்கும். கல்ச்சரில் ‘பாசிட்டிவ்’ என்று வருவது மட்டும் வியாதி ஆகாது. தண்ணீர் அதிகம் கொடுத்து, நேரம் தவறாமல் போட்டு, ஒரு நாள் பாருங்கள். எடுத்ததற்கெல்லாம் மாத்திரை கொடுத்த பிள்ளைக்கு, நிஜமாகவே தேவைப்படும் நாளில் எந்த மாத்திரையும் கேட்காமல் போகும்.

ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, முதுகுப்பக்க வலி, திடீரென்று நடுநடுவே ஈரமாவது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எப்போதாவது இளஞ்சிவப்பாக ஒரு கோடு வருவது பரவாயில்லை. சிவப்பு ரத்தமாகவோ கட்டியாகவோ வந்தால் காத்திருக்கக் கூடாது. குடலை வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை நடந்த குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால், இரவு இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பை கிழிந்திருக்கலாம்.

தலையில் நீர் வடிய ஷன்ட் வைத்திருக்கும் குழந்தையாக இருந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். காய்ச்சலும் வாந்தியும் தலைவலியும் வந்தால் ‘யூரின் இன்ஃபெக்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஷன்ட் அடைத்தாலும் இப்படித்தான் தொடங்கும். புது டாக்டரிடம் காட்டினால், கேட்காவிட்டாலும் ஷன்ட் இருப்பதைச் சொல்லுங்கள்.

பையின் இறுக்கத்தைத் தளர்த்த மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு வாய் வறளும், முகம் சிவக்கும், வியர்வை குறையும். வியர்க்காத உடம்பு வெயிலைத் தாங்காது. உச்சி வெயிலில் விளையாட விட வேண்டாம்.

யார் தொடலாம்?

டியூப் போடும் குழந்தை, தன் அந்தரங்க உறுப்பைப் பெரியவர்கள் தொடுவது சாதாரணம் என்று பழகிவிடுகிறது. அதைத்தான் தப்பான ஆள் பயன்படுத்திக்கொள்வான். பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொடுங்கள்: ‘டியூப் போட அம்மாவும் பாட்டியும் மட்டும்தான் தொடலாம். ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல இருக்கும்போது சிஸ்டர், டாக்டர் தொடலாம். டியூப் இல்லாம யாரும் தொடக் கூடாது. யாராவது தொட்டா, யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னா, உடனே அம்மாகிட்ட சொல்லணும்.’ பெயர்களை உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பெருக்க வேண்டாம். கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். போட்டோ, வீடியோ கூடாது. டாக்டருக்கு அனுப்பத்தான் என்றாலும் முதலில் அவரைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பள்ளியில் யார் போடுவது என்பதை ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தோடு பேசி முடியுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், மணி அடித்ததும் கேள்வி கேட்காமல் வெளியே விடும் ஒரு டீச்சர். இதற்கு மேல் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியிலிருந்து பெரிதாக ஒன்றும் தேவையில்லை. முதல் சில வாரம் இடைவேளைக்கு நீங்களே போய்ப் போட வேண்டியிருக்கலாம்.

தானே போட்டுக்கொள்வது

ஐந்து வயதில் கப்பைப் பிடிக்கும். ஆறில் ஜெல்லி தடவும். கை சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளைகள் ஏழு, எட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும். சிலருக்குப் பத்து, பன்னிரண்டு ஆகலாம். பையன்களுக்குப் பார்த்துப் போட முடிவதால் எளிது. பெண்களுக்கு முதலில் ஒரு சின்னக் கண்ணாடி வேண்டும். பழகியபின் விரலால் தடவியே போட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆகும், பாய் நனையும், ஸ்கூல் பஸ் போய்விடும். பிடுங்கி நீங்களே போட்டுவிடத் தோன்றும். அதனால் விடுமுறை நாளில் தொடங்குங்கள். தானே போடத் தொடங்கிய பிறகும் சில மாதங்களுக்கு நோட்டை நீங்கள் பாருங்கள்; பதினொன்று, பன்னிரண்டு வயதில் ‘போட்டுட்டேன்’ என்று பொய் சொல்லிவிட்டு விளையாடப் போகாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், இப்போது பயன்படுத்தும் டியூப்பில் ஒன்றையும் எடுத்துப் போங்கள். குழந்தை வளர்ந்திருக்கும்; நம்பர் மாற வேண்டியிருக்கலாம்.